தீயில் இறங்கிக் காட்டு!

நுவரெலியாவில் ஏறிய வெலிமடை பஸ், சீதாஎலிய அம்மன் கோயிலையும் ஹக்கலைப் பூந்தோட்டத்தையும் தாண்டி இறக்கத்தில் விழுந்ததும் குளிர் கொஞ்சம் விடும். தேயிலை குறைந்து, உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும் சரிவெங்கும் படிகட்டிக் கிடக்கும். இந்த வழியில்தான் திவுரும்பொல இருக்கிறது. சிங்களத்தில் ‘திவுரனவா’ என்றால் சத்தியம் பண்ணுவது. திவுரும்பொல என்றால் சத்தியம் பண்ணும் இடம். இராவணனின் காவலிலிருந்து மீண்ட சீதை, தன்னிடம் களங்கமில்லை என்று காட்டத் தீயில் இறங்கியது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை.

இன்று அது ஒரு பௌத்த விகாரை. அரச மரத்தடியில் சிங்கள ஆச்சிமார் பூத்தட்டோடு நிற்பார்கள். இந்தியாவிலிருந்து ‘இராமாயண யாத்திரை’ வரும் கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும். தோட்டத்துச் சனமும் போகும். காணிச் சண்டை, களவு, கொடுக்கல் வாங்கல் என்று தீராத வழக்கிருந்தால் இங்கே வந்து சத்தியம் பண்ணி முடித்துக்கொள்ளும் வழக்கமும் விட்டுப்போகவில்லை. வால்மீகி சொன்ன கதைக்குப் பௌத்தர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழர்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஊவாவில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று இது.

ஆனால் அந்தக் கதை மட்டும் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. தூக்கிப் போனவன் ஒருவன். சந்தேகப்பட்டவன் இன்னொருவன். நெருப்பில் இறங்கியவள் சீதை. குற்றம் சொன்னவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சொல்லப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். மதம் அதிகாரத்தில் உட்கார்ந்ததும் முதலில் செய்வது இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான். கடந்த சில வருஷங்களில் நம் நாட்டில் ஒரு சிறுகதைக்காரரிடமும் ஒரு கவிஞரிடமும் சட்டை போட்ட ஒரு பெண்ணிடமும் இதையே கேட்டார்கள்: தீயில் இறங்கிக் காட்டு.

ஒரு சட்டையும் ஒரு சக்கரமும்

எங்கள் பதுளை மாவட்டத்து நீதிமன்றத்துக்கு வந்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். 2019 மே 17. ஹசலக்க பொலிசார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் போட்டிருந்த உடுப்பில் ஒரு சக்கரம் அச்சடிக்கப்பட்டிருந்தது. அது பௌத்தர்களின் தர்மசக்கரம், அதை உடுப்பில் போட்டது மத நிந்தனை என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். மஹியங்கனை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். விளக்கமறியல். ஜூன் 3ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. கப்பல் சக்கரத்துக்கும் தர்மசக்கரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல்!

அந்தப் பெண் விடவில்லை. அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போட்டார். 2023 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், கைது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பொறுப்பதிகாரி 30,000 ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. நாலரை வருஷம் கழித்து 30,000 ரூபா. அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம் என்று வெலிமடைச் சந்தையில் மரக்கறி வாங்கும் எவரும் சொல்லிவிடுவார்.

இங்கே ஒரு சின்ன விலகல். தோட்டத்துத் தமிழில் சக்கரத்துக்கு ரோதை என்று பேர். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை சுற்றுவதைப் பார்த்த எங்கள் முன்னோர், அதற்குள் ஒரு முனி இருக்கிறது என்று ரோதமுனியைக் கும்பிட்டார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போட்டார்கள். எந்த ஆகமத்திலும் ரோதமுனிக்கு இடமில்லை. துரையின் இயந்திரத்தைச் சாமியாக்கியது எந்த மதத்தை நிந்தித்தது என்று யாரும் கேட்டதுமில்லை. அந்தச் சனம் ஒரு சக்கரத்தில் சாமியைக் கண்டது. 2019இல் ஒரு பொலிஸ் நிலையம் ஒரு சக்கரத்தில் குற்றவாளியைக் கண்டது.

ஏப்ரல் 1, ஏப்ரல் 4, ஏப்ரல் 21

அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் திகதி குருநாகல் மாவட்டத்துப் பொல்கஹவலையில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதானார். ‘அர்த’ என்ற ஒரு சிறுகதையை முகநூலில் போட்டிருந்தார். விகாரைக்குள் நடக்கும் பாலியல் துஷ்பிரயோகத்தை அந்தக் கதை மறைமுகமாகத் தொடுகிறது. பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள். கைதுக்குப் பாவித்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம்.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை இலங்கைச் சட்டமாக்க வந்தது இது. கருத்துச் சுதந்திரம் உள்ளிட்ட உரிமைகளைக் காப்பதுதான் அந்தச் சமவாயத்தின் நோக்கம். இலங்கைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. நல்ல பிரிவுதான். தண்டனை 10 வருஷம் வரை போகலாம். பிணை கொடுக்க நீதவானுக்கு அதிகாரமில்லை. மேல் நீதிமன்றம் விசேட காரணம் இருந்தால் கொடுக்கலாம். கூட்டம் சேர்த்துக் கடையைக் கொளுத்தச் சொல்பவனுக்காகப் பின்னிய வலை. அதில் பிடிபட்டது ஒரு சிறுகதைக்காரர்.

சத்குமார நாலு மாசத்துக்கு மேல் உள்ளே இருந்தார். ஓகஸ்ட்டில் குருநாகல் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. 2021 பெப்ரவரியில் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார்; குற்றப்பத்திரிகை போட ஒன்றுமிருக்கவில்லை.

அவர் கைதாகி மூன்றாம் நாள், ஏப்ரல் 4, தற்கொலைத் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுக்கு வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மத வெறுப்பைத் தேடிய அரசு அந்த மூன்று வாரமும் ஒரு சிறுகதைக்காரரைப் பூட்டி வைத்திருந்தது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் எத்தனையோ தரம் முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவரது ஆட்கள் முதலில் வாளெடுத்தது சூபி வழி முஸ்லிம்கள் மீதுதான். மதத்தின் பேரால் எழும் அதிகாரம் முதல் வெட்டைத் தன் வீட்டுக்குள்ளேதான் போடும். பிறகுதான் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

வெகுளி என்பது ஒரு மெய்ப்பாடு, ஐயா

2020 மே 16. மன்னார் சிலாவத்துறைப் பக்கத்துப் பண்டாரவெளியில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டார். புத்தளத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்தவர். 2017இல் ‘நவரசம்’ என்று ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதி போட்டிருந்தார். அந்தப் புத்தகம் பிள்ளைகளிடம் தீவிரவாதத்தை வளர்க்கிறது என்றார்கள். கவிதைகள் சிங்களத்துக்கு மாற்றப்பட்டன. மனநல மருத்துவர்களிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. தமிழ்க் கவிதையைத் தமிழ் படித்தவரிடம் கொடுத்துக் கேட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும் காரியம். பேராசிரியர் எம். ஏ. நுஃமான் போன்றவர்கள் படித்துவிட்டுச் சொன்னார்கள்: இதில் தீவிரவாதம் இல்லை, இருப்பது அதற்கு எதிரான குரல்.

தலைப்பையாவது பார்த்திருக்கலாம். நவரசத்தில் வீரமும் ஒரு ரசம், ரௌத்திரமும் ஒரு ரசம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொன்னபோது நகையையும் அழுகையையும் சொன்ன வாயால்தான் வெகுளியையும் சொன்னார். கோபத்தைப் பாடினால் கோபக்காரன், போரைப் பாடினால் போராளி என்று எடுத்துக்கொண்டால் புறநானூறு முழுவதையும் பொலிஸ் விசாரணைக்குப் பேர்போன நாலாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பர் 12ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுவித்தது. தீயிலிருந்து வெந்து போகாமல் வெளியே வந்தார் என்று சந்தோஷப்படலாம். நான் படவில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு கவிஞன் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளை எந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கும்?

இதே காலத்தில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடும்போக்குப் பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் கலகொட அத்தே ஞானசார தேரர் 2014 ஜூனில் அளுத்கமையில் கூட்டம் போட்டுப் பேசினார். அதன் பின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்ற ஜனாதிபதி செயலணிக்கு அவரே தலைவராக நியமிக்கப்பட்டார். பலாங்கொடைப் பக்கத்துக் கூரகல பற்றி 2016இல் முஸ்லிம்களை இழிவாகப் பேசியதற்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2024 மார்ச்சில்தான் நாலு வருஷச் சிறை கொடுத்தது. எட்டு வருஷம். கவிஞனைப் பிடிக்க வாரண்டுக்கே நேரமில்லை. காவி கட்டியவரின் பேச்சைக் கேட்டு முடிக்க எட்டு வருஷம்.

கெப்பெட்டிபொல கற்றுத்தந்தது

வெலிமடைப் பக்கத்தில் கெப்பெட்டிபொல என்று ஓர் ஊர். 1818 ஊவாக் கிளர்ச்சியின் தலைவன் பேரைச் சுமக்கும் ஊர். நமக்கு அந்தச் சரித்திரத்தைப் பாடசாலையில் சொன்னார்கள். ஒரு பாதியைத்தான் சொன்னார்கள் என்று எனக்கு எண்ணம்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். அதன் ஐந்தாம் பிரிவில் பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் குருமாரையும் காப்போம் என்று வெள்ளைக்காரன் உறுதி கொடுத்தான். தேசாதிபதி பிரவுன்ரிக்குக்குப் புத்தர் மேல் பக்தி வந்துவிட்டதா என்ன? கண்டிச் சனத்தைக் கட்டிவைக்க அதைவிடச் சிக்கனமான கயிறு கிடைக்கவில்லை. கிளர்ச்சி வந்ததும் அதே ஆட்சி ஊவாவின் வயல்களையும் வீடுகளையும் எரித்தது. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிபொல திசாவையின் தலையை வெட்டியது. மதத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட மை காய்ந்து நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த வாசகம் மட்டும் சாகவில்லை. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று வந்தது. 1978 அரசியலமைப்பில் 9ஆம் உறுப்புரையாக உட்கார்ந்தது. அடுத்த 10ஆம் உறுப்புரையே எவரும் எதையும் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம் என்கிறது. பொலிஸ் நிலையத்தில் எது முதலில் ஞாபகம் வருகிறது என்பதுதான் பிரச்சினை.

பிரதமர் பண்டாரநாயக்காவின் கதையும் இங்கே பொருந்தும். பிக்குகளின் தோளில் ஏறி 1956இல் ஆட்சிக்கு வந்தார். 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரல் 9ஆம் திகதி வீட்டு வாசலில் பிக்குகள் குந்தியதும் கைவிட்டார். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்கு. சதியின் சூத்திரதாரி களனி விகாராதிபதி. மதத்தை அழைத்து வந்தவரை அதுவே வழியனுப்பியது.

நம் வீட்டு வாசல்

இதுவரை படித்துத் தலையாட்டிய தமிழ் வாசகர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காவியும் பிக்குவும் மட்டும் கதை என்றால் இந்தக் கட்டுரை பாதி பொய்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழையக் கேட்டபோது வழிமறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழர் உரிமைக்காக முழங்கியவர். கும்பிடப் போனவர்தான் தனக்குத் தகுதியுண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. கே. டானியல் போன்றவர்கள் அதை எழுதினார்கள். ‘இழிசனர் இலக்கியம்’ என்ற வசையும் வாங்கினார்கள்.

ஏறாவூரின் ஷர்மிளா ஸெய்யித்துக்கு நடந்தது இன்னும் கிட்டத்தில். பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று 2012இல் பி.பி.சி. தமிழோசைக்குச் சொன்னார். ஒரு கருத்து. பிழை என்றால் பதில் சொல்லலாம். வந்தது மிரட்டல். நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. 2015இல் அவர் கொல்லப்பட்டுவிட்டதாகப் போலிப் படத்தோடு வதந்தி பரப்பினார்கள். கவிஞரும் ‘உம்மத்’ நாவலாசிரியருமான ஒருவர் தான் உயிரோடிருப்பதைத் தானே அறிவிக்க வேண்டியிருந்தது.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டுத் தக்கலையில் கவிஞர் எச். ஜி. ரசூல். பீர் முகம்மது அப்பா என்ற சூபிக் கவிஞர் அடங்கியிருக்கும் ஊர் அது. அந்த ஊர் ஜமாஅத்தே, ஒரு கட்டுரை எழுதியதற்காக 2007இல் ரசூலை ஊர்விலக்கம் செய்தது. திருச்செங்கோட்டு ‘மாதொருபாகன்’ கதை எல்லோருக்கும் தெரியும். 2010இல் வந்த நாவல். 2014 கடைசியில்தான் சிலருக்கு மனம் புண்பட்டது. 2015 ஜனவரி 12ஆம் திகதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக்குச் சம்மதித்தார். பிறகு தன்னுள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மறுபடி எழுதச் சொன்னது.

நாலு சம்பவம், இரண்டு மதம். நாலிலும் குற்றம் சொல்லப்பட்டவரிடமே ‘விளக்கம் கொடு’ என்றார்கள். புண்பட்டேன் என்றவரிடம் ‘எங்கே புண்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

புண்படுதல் பொய் என்று நான் சொல்லவரவில்லை. கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் உடல்களை அவர்கள் மார்க்கத்துக்கு மாறாகக் கட்டாயமாக எரித்தார்களே, 2020 தொடக்கம் 2021 பெப்ரவரி வரை. அந்தக் குடும்பங்களின் புண் உண்மையான புண். அதைச் செய்தது ஓர் அரசு, அதிகாரத்தோடு. ஒரு கதை அப்படி எவர் வீட்டுப் பிணத்தையும் தொட முடியாது.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

ஊவாவில் எல்ல பக்கம் போனால் இராவணன் பேரில் நீர்வீழ்ச்சி, இராவணன் பேரில் குகை. சிங்களத் தீவிரவாதக் கூட்டமொன்று ‘இராவணா பலய’ என்று தன் பேரிலேயே அவனை வைத்துக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் புலவர் குழந்தை 1946இல் அவனைத் தலைவனாக்கி ‘இராவண காவியம்’ எழுதினார். 1948இல் சென்னை மாகாண அரசு தடை போட்டது. தடை நீங்கியது 1971இல். 23 வருஷம் ஒரு காவியம் ஒளிந்து கிடந்தது. அந்த இடைவெளியில் இராமனின் பெருமை குறையவுமில்லை, கூடவுமில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய காரியத்தைக் கம்பர் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் காவியத்தில் சீதை தீயில் இறங்கியதும் அவளது கற்பின் வெம்மை தாங்காமல் அக்கினியே கதறிக்கொண்டு வெளியே வருகிறான். வைத்த சோதனையே வெந்து போகிறது. புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் இன்னும் ஒரு படி போனார், இராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பும் எழுதினார். இன்று அந்தக் கதையை ஒரு புதிய எழுத்தாளர் முகநூலில் போட்டால் எத்தனை முறைப்பாடு வரும்?

மாசி மாசம் தோட்டத்தில் காமன் கூத்து வரும். மாரியம்மன் கோயிலடியில் ரதியும் மதனும் கட்டி, விடிய விடிய ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான். தமிழ்நாட்டில் அந்தப் பண்டிகைக்கு லாவணி உண்டு. எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றும் இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே மோதுவார்கள். சிவன் செய்த காரியத்தை நடுத்தெருவில் வைத்து வாதாடுவார்கள். எதிர்க்கட்சிக்காரன் மதத்தை நிந்தித்தான் என்று எவரும் எழுந்து போனதில்லை. விடிந்ததும் இரண்டு கட்சிக்கும் ஒரே இடத்தில் தேத்தண்ணி.

வெளியுலகக் கதை ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1989 பெப்ரவரி 14ஆம் திகதி ஈரானின் அயதுல்லா கொமெய்னி, ஒரு நாவலுக்காக சல்மான் ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஆணையிட்டார். கொமெய்னி அதே வருஷம் இறந்துபோனார். ஆணை இறக்கவில்லை. 2022 ஓகஸ்ட் 12ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில், நாடிழந்த எழுத்தாளர்களுக்குப் புகலிடம் கொடுப்பதைப் பற்றிப் பேச மேடையேறிய ருஷ்டியை ஓர் இளைஞன் கத்தியால் குத்தினான். ஒரு கண் போனது. குத்தியவனுக்கு 24 வயது. ஆணை வந்தபோது அவன் பிறந்திருக்கவேயில்லை.

வெலிமடை, ஹாலி-எல, பண்டாரவளை, பதுளைப் பக்கத்து வாசகர்களிடமும் தோட்டத்து வாசிகசாலைகளை நடத்தும் இளைஞர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் அலுமாரியில் ‘நவரசம்’ இருக்கிறதா? இல்லையென்றால் தேடிப்பிடித்து ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பக்கத்தில் ‘இராவண காவிய’மும் கம்பரும் புதுமைப்பித்தனும் இருக்கட்டும். படித்துப் பார்த்துக் கவிதை நல்லாயில்லை என்று தோன்றினால் அப்படியே எழுதி அனுப்புங்கள், இந்த இதழில் போடுகிறோம்.